கைவிடப்பட்ட குழந்தையும் கைவந்த ஆற்றலும்

கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோ என்னும் ஊரின் பெயர் மலாய்மொழிப் பெயர். சுங்கை என்பது ஆறு. பூலோ என்பது மூங்கில். மூங்கிலாறு என்று தமிழில் வழங்கலாம். வேய், கழை, பணை, அமை, வெதிர் என மூங்கிலுக்குப் பல பெயர் கண்ட தமிழர்க்கு அப்பெயரின் இனிமை விளங்காமற் போகாது. மூங்கில் உள்ளே வெற்றிடம் உடையது. அவ்வெற்றிடத்துள் ஏதோ ஓர் உயிர் மறைந்திருக்கிறது என்னும் எண்ணம் மூங்கில் வளரும் நாடுகளிலெல்லாம் கதையாக முளைத்திருக்கிறது. அக்கதைகளுள் ஒருவகை, எவரும் எதிர்பாராத குழந்தை ஒன்று எவரும் எதிர்பாராத ஆற்றலோடு தோன்றும் கதை.

தன்னிடம் மாய ஆற்றல் இருப்பதை ஒரு சிறுவன் திடீரென அறிந்துகொள்ளும் கதைகளை இக்காலப் பிள்ளைகள் மிக விரும்பிப் படிக்கின்றனர். 1997இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஹாரி பாட்டர் கதை அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. தாய்தந்தையை இழந்து, பெரியம்மா வீட்டின் மாடிப்படிக்குக் கீழ் உள்ள சிற்றறையில் உறங்கிய சிறுவன், பதினோராம் வயதில் தான் மந்திரவாதி என்று அறிகிறான். இவ்வகைக் கதை மேனாட்டார் தந்த புதுச்சரக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. தமிழர் பழங்கதைகளிலும், தமிழர் குடியேறிய மலாய் மண்ணின் பழங்கதைகளிலும் இக்கதை பன்னூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மாய ஆற்றல் வந்து சேரும் குழந்தை பெரும்பாலும் பெற்றோர் மடியில் வளரும் குழந்தையன்று. கைவிடப்பட்ட குழந்தையே அது. இதன் காரணத்தை ஆராய்வது கதையை நுகர்வதற்கும் துணையாகும். பள்ளியில் கதை சொல்லும் ஆசிரியர்க்கும் துணையாகும்.

மூங்கிலில் தோன்றிய மகள்

மலாய்மொழியின் பழைய உரைநடை நூல்களுள் ஒன்று ஹிகாயத் ராஜா ராஜா பாசாய் என்பது. சுமத்திராத் தீவின் வடபகுதியில் இருந்த பாசாய் அரசின் வரலாற்றைக் கதையும் நிகழ்ச்சியும் கலந்து கூறுவது. இன்று நமக்குக் கிடைத்துள்ள படிகளுள் ஒன்று 1814இல் ராபிள்சுக்காகப் பெயர்த்தெழுதப்பட்டு இலண்டன் அரச ஆசியக் கழகத்தில் காக்கப்படுவது. இந்நூல் ஒரு மூங்கிற் புதரோடு தொடங்குகிறது.

ராஜா அகமது, ராஜா முகம்மது என அரசர் இருவர், உடன்பிறந்தோர். ராஜா முகம்மது காடு திருத்தும்போது அடர்ந்த மூங்கிற் புதர் ஒன்று குறுக்கிட்டது. ஏவலர் வெட்டினர், புதர் ஒழியவில்லை. அரசனே வாளெடுத்து வந்தான். புதரின் நடுவே ஆளுடல் பருமனுள்ள குருத்தொன்று இருந்தது. அதனை வெட்டியபோது பெண்குழந்தை ஒன்று வெளிப்பட்டது. அதற்குப் புத்ரி பெத்தோங் என்று பெயரிட்டு வளர்த்தனர். பெத்தோங் என்பது பெருமூங்கில் வகை. மற்றோர் அரசனுக்குக் காட்டில் யானை ஒன்று தலையில் சுமந்து திரிந்த ஆண்குழந்தை கிடைத்தது. அவன் மேரா காஜா எனப்பட்டான். இருவரும் வளர்ந்து மணந்தனர். மேரா சீலு, மேரா ஹாசும் என்று இரு மைந்தர் பிறந்தனர்.

பெத்தோங்கின் தலையில் ஒரே ஒரு மயிர் பொன்னிறமாக இருந்தது. கணவன் ஒருநாள் அதனைப் பிடுங்கிவிட்டான். வெண்குருதி பெருகி அவள் இறந்தாள். அதனால் மூண்ட சினத்தில் மேரா காஜா கொல்லப்பட்டான். அவனை வளர்த்தவனும் அவளை வளர்த்தவனும் போரிட்டு மாய்ந்தனர். ஒரு மயிருக்காக ஒரு குடியே அழிந்தது. எஞ்சியோர் அநாதைகளான மைந்தர் இருவரே.

மூத்தவன் மேரா சீலு ஆற்றில் மீன்பொறி வைத்தான். மீன் விழவில்லை, புழுக்கள் விழுந்தன. எறிந்துவிட்டு மீண்டும் வைத்தான், மீண்டும் புழுக்களே. வெறுத்துப்போய் அவற்றை எடுத்து வேகவைத்தான். புழுக்கள் பொன்னாயின; நுரை வெள்ளியாயிற்று. ஆனால் அண்ணன் புழு தின்கிறான் என்ற பேச்சு இளையவன் காதை எட்டியது. குடிக்கு இழிவு என்று சினந்து அவனைக் கொல்ல முனைந்தான். மேரா சீலு காட்டுக்கு ஓடினான். அவனே பின்னர் சுல்தான் மாலிக் அல் சாலே என்னும் பெயருடன் பாசாயின் முதல் இசுலாமிய அரசன் ஆனான். அவன் கல்லறைக் கல் 1297ஆம் ஆண்டைக் குறிக்கிறது. கதையில் வருபவன் வரலாற்றிலும் வாழ்ந்தவன் என்பது இதனால் தெளிவாகும்.

மூங்கிலுள் உயிர் காண்பது மலாய் மக்களுக்கு மட்டும் உரியதன்று. ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஜப்பானியக் கதை ஒன்றில், மூங்கில் வெட்டும் முதியவன் ஒளிரும் கணுவுக்குள் விரலளவான பெண்மகவைக் காண்கிறான். அவள் வளர்ந்து இறுதியில் திங்கள் மண்டிலத்துக்கே மீள்கிறாள். திருநெல்வேலி ஒரு காலத்தில் வேணுவனம். அங்கே வெட்டுண்ட மூங்கிலிலிருந்து குருதி பெருகி இறைவன் வெளிப்பட்டான் என்பது தலவரலாறு. தமிழன் மூங்கிலுள் கண்டது கடவுளை. மலாய் மக்களும் ஜப்பானியரும் கண்டது குழந்தையை.

ஆவின் மகன்

தமிழில் இத்தகைய குழந்தைக் கதை இல்லையோ என்று ஐயுற வேண்டுவதில்லை. மணிமேகலைக் காப்பியத்துள் ஆபுத்திரன் கதை இருக்கிறது. அக்கதை முடிவது சாவக நாட்டில். சாவகம் என்பது யாவாவும் சுமத்திராவும் சார்ந்த தீவுப்பகுதி என்பர். மேரா சீலுவின் கதை நிகழ்ந்ததும் அக்கடற்பகுதியிலேயே. ஆதலின் மலாய் நாட்டுத் தமிழர்க்கு ஆபுத்திரன் அயலானல்லன்.

காசியில் வேதம் ஓதுவித்த அபஞ்சிகன் என்பவனின் மனைவி சாலி. ஒழுக்கம் தவறிய அவள் குமரித்துறை நீராடச் செல்லும் வழியில் ஓர் ஆண்மகவை ஈன்று, மறைவான தோட்டத்தில் போட்டுவிட்டுச் சென்றாள். அழுத குழந்தையை ஒரு பசு நாவால் நக்கித் தேற்றி, ஏழு நாள் பால் ஊட்டிக் காத்தது. வயனங்கோடு என்னும் ஊரினனான இளம்பூதி என்ற அந்தணன் மனைவியோடு அவ்வழி வந்தவன், குழந்தையை எடுத்துத் தன் மகனாக வளர்த்து நூல்களும் கற்பித்தான்.

ஒருநாள் வேள்விச்சாலையில் பலியிடக் கட்டப்பட்டிருந்த பசுவைச் சிறுவன் கண்டான். இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு போனான். வேள்வி செய்தோர் அவனைப் பிடித்து அடித்தனர். அப்பசு அவர்களின் தலைவனைக் குத்திக் காட்டுக்குள் ஓடியது. ஆவின் மகனே, நீ அந்தணனோ என்று அவர்கள் இழித்தபோது ஆபுத்திரன் நாணவில்லை. ஆவின் வயிற்றிலும் மானின் வயிற்றிலும் புலியின் வயிற்றிலும் நரியின் வயிற்றிலும் பிறந்தோரை முனிவர் என்று நீங்களே போற்றுகிறீர்களே, ஆவின் பிறப்பில் இழிவென்ன என்று வினவினான். கூட்டத்தில் ஒருவன் சாலியின் கதையை எடுத்துரைத்தான். தன் பிறப்பின் உண்மையைச் சிறுவன் அறிந்தது இவ்வாறுதான்: அன்போடு சொன்னவர் எவருமிலர், வசையாகவே அது அவன் காதில் விழுந்தது. வளர்த்த தந்தையும் அவனைத் துறந்தான். அந்தணர் ஊர்களில் அவன் ஏந்திய பிச்சைக் கலத்தில் கல்லைப் போட்டார்கள்.

அங்கிருந்து தென்மதுரை சென்று, கலைமகள் கோட்டமான சிந்தாதேவி கோயில் முன்றிலில் தங்கினான். வீடுதோறும் ஏற்ற பிச்சையைக் குருடர், செவிடர், முடவர், பேணுவோர் இல்லாதவர் ஆகியோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். மழை பெய்த ஓர் இருளிரவில் பசித்தோர் சிலர் வந்து எழுப்பினர். அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவன் துடித்த துடிப்பைக் கண்ட சிந்தாதேவி அவன் கையில் அமுதசுரபியைக் கொடுத்தாள். நாடு வறுமையுற்றாலும் இவ்வோடு வறுமையுறாது, வாங்குவோர் கை வருந்துமேயன்றிக் கொடுக்கும் கலம் குறையாது என்பது அதன் தன்மை.

மாயக் கலத்தின் இலக்கணம்

இங்கே கதையின் நுட்பம் இருக்கிறது. ஆபுத்திரனுக்கு ஆற்றல் வருமுன்னரே பண்பு வந்துவிட்டது. வெறும் மண்ணோட்டைக் கொண்டு அவன் செய்த வேலையையே அமுதசுரபியும் செய்தது, அளவுதான் பெருகியது. பிற நாட்டுக் கதைகள் பலவற்றில் சிறுவன் முதலில் ஆற்றலைக் கண்டறிவான். அதனை எதற்குப் பயன்படுத்துவது என்று பிறகு கற்பான். சாத்தனார் இவ்வரிசையை மாற்றியமைத்துள்ளார்.

இந்திரனுக்கு இது பொறுக்கவில்லை. முதிய அந்தணனாக வந்து, வேண்டும் வரம் கேள் என்றான். ஆபுத்திரன் இடுப்பு ஒடியச் சிரித்து, பசிப்போரும் இல்லை, அறம் செய்வோரும் இல்லை என்னும் நிலையில் உள்ள உன் உலகில் எனக்கென்ன வேலை என்று மறுத்தான். பன்னீராண்டு மழையின்றிக் கிடந்த பாண்டிநாட்டில் இந்திரன் மழை பொழிவித்தான். வளம் பெருகிற்று, பசிப்போர் அருகினர், அமுதசுரபிக்கு வேலையில்லாமற் போயிற்று. உண்பாரைத் தேடி அலைந்த ஆபுத்திரனிடம், சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கப்பலில் வந்தோர் கூறினர். அவன் கப்பல் ஏறினான்.

காற்று மிகுந்து கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. அவன் கரையிறங்கியதை அறியாமல் கப்பல் சென்றுவிட்டது. ஆளில்லாத தீவில், ஆயிரம் பேரை ஊட்டும் கலத்தோடு அவன் தனித்து நின்றான். தன் ஒருவன் வயிற்றை வளர்க்க அக்கலத்தைப் பயன்படுத்த அவன் மனம் இசையவில்லை. அறம் செய்வோர் கையை அடைக என்று வேண்டி அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். மாய ஆற்றல் பெற்றும் பசியால் இறந்த வீரன் உலகக் கதைகளில் அரியவன்.

மறுபிறப்பில் அவன் சாவக நாட்டில் ஒரு பசுவின் வயிற்றில் தோன்றினான். மகப்பேறு இல்லாத பூமிசந்திரன் அவனை வளர்க்க, நாகபுரத்தில் புண்ணியராசன் என்னும் அரசனானான். மணிமேகலை அமுதசுரபியோடு அந்நாடு வந்து அவன் பழம்பிறப்பை உணர்த்தினாள். இருவரும் மணிபல்லவம் சென்றனர். அங்கே மணலுக்கடியில் தன் முன்னை உடலின் எலும்புகளை அவனே கண்டான். அருகே வேறு ஒன்பதின்மர் எலும்புகளும் கிடந்தன. கப்பலில் அவனைக் காணாது தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தமை அறிந்து, தாமும் உண்ணாது உயிர்விட்ட வணிகர் அவர்கள். பெற்றவள் போட்டுச் சென்ற பிள்ளையைத் தேடி ஒன்பது பேர் கடல் கடந்து வந்தார்கள் என்பதை அவன் அறிந்த இடம் அது. துறவு மேற்கொள்ள எண்ணிய அவனை மணிமேகலை தடுத்து, மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அரசனின் அறம் என்று நாட்டுக்கு அனுப்பினாள்.

இக்கதையை உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த பிறகே தமிழுலகம் பரவலாக அறிந்தது. ஆயினும் பாடநூல்களில் அமுதசுரபி ஒரு வினாவிடையாகச் சுருங்கிவிட்டது. கலத்தின் பெயர் யாது, கொடுத்தவர் யார் என்று கேட்கிறோம். கலத்தில் கல் விழுந்த சிறுவனைப் பற்றிக் கேட்பதில்லை.

சிங்கப்பூரைக் காத்த சிறுவன்

ஆற்றலுள்ள குழந்தையைப் பெரியோர் எவ்வாறு நடத்தினர் என்பதற்கு மலாய் இலக்கியத்தில் வேறொரு சான்று உண்டு. 1612இல் துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகக் கூறப்படும் செஜாரா மெலாயுவில் அது வருகிறது. வாள்போன்ற மூக்குடைய மீன்கள் திரள்திரளாகப் பாய்ந்து பழஞ்சிங்கப்பூரின் கரையில் நின்றவர்களைக் குத்திக் கொன்றன. அரசன் மக்களை வரிசையாக நிறுத்தி அவர்கள் கால்களையே வேலியாக்கினான். மேலும் பலர் மாண்டனர். சிறுவன் ஒருவன், மனிதக் காலுக்கு மாறாக வாழைத்தண்டுகளை நட்டால் என்ன என்றான். அவ்வாறே செய்ய, மீன்கள் தண்டில் குத்திச் சிக்கிக்கொண்டன. ஊர் பிழைத்தது. இச்சிறுவன் வளர்ந்தால் ஆபத்து என்று பெருமக்கள் அரசனிடம் ஓதினர். சிறுவன் கொல்லப்பட்டான். அவன் பழி அந்நாட்டின்மேல் நின்றது என்று நூல் கூறுகிறது.

இச்சிறுவனிடம் மந்திரம் ஒன்றுமில்லை. அறிவே அவன் மாயம். ஆயினும் கதையின் அமைப்பு ஆபுத்திரன் கதையோடு ஒத்திருக்கிறது. பிறர் காணாததைக் குழந்தை காண்கிறது, பெரியோர் அஞ்சுகின்றனர், தண்டிக்கின்றனர். ஆபுத்திரனை ஊர் துரத்தியது. மேரா சீலுவை உடன்பிறந்தவனே துரத்தினான். இச்சிறுவனைக் கொன்றே விட்டனர். கதை சொன்ன மக்கள் மூவருக்காகவும் இரங்கினர் என்பதே நாம் கொள்ள வேண்டியது.

தோட்டத்தில் சொன்ன கதை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவந்தவற்றுள் கதைகளும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பின் பால்வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். தாய் திரும்பும்வரை அக்குழந்தைகளுக்கு ஆயாவே தாய். அவள் சொன்ன கதையே கல்வி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் பெரிய சோதனைத் தோட்டம் அமைத்தபோது அங்கும் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டமன்சாரா என்னும் புதுநகராக மாறி வருகிறது.

தோட்டத்து மக்கள் போற்றிய மதுரைவீரன் கதையும் கைவிடப்பட்ட குழந்தையின் கதையே. காசி அரசனுக்கு மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை, நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லக் காட்டில் விடப்படுகிறான். செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்க்கின்றனர். எது தீக்குறி என்று அரண்மனை அஞ்சியதோ அதுவே வீரத்தின் அடையாளமாகிறது. இறுதியில் அவன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு தெய்வமாகிறான். 1956இல் திரைப்படமாக வருமுன்னரே தோட்டத்து எல்லைகளில் அவனுக்குக் கோயில்கள் எழுந்திருந்தன. ஊரும் உறவும் விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள், காட்டில் விடப்பட்ட பிள்ளையைத் தெய்வமாகக் கொண்டதில் வியப்பில்லை.

அச்சுக் கதைகளும் பின்னர் வந்தன. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை முதலியன எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கு ஏற்றவை. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, வேதாளக் கதைகளையும் மாயக் கதைகளையும் வண்ணப்படங்களோடு தந்தது. மலாயாத் தமிழர் வீடுகளுக்கும் அது வந்தது. எழுத்தறியாத பெரியோர்க்குப் பிள்ளைகள் இவற்றைப் படித்துக் காட்டினர். ஆயா சொல்லப் பிள்ளை கேட்ட நிலை மாறி, பிள்ளை படிக்கப் பெரியோர் கேட்கும் நிலை வந்தது. கூலி வேலை ஒன்றையே எதிர்நோக்கி வளர்ந்த பிள்ளை, தன்னிடம் பெரியோர்க்கு இல்லாத ஓர் ஆற்றல் இருப்பதை முதன்முதல் உணர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

மூங்கிலாற்றின் பிள்ளைகள்

சுங்கை பூலோவின் பெயரை உலகறியச் செய்தது ரப்பரன்று, தொழுநோயாளர் குடியிருப்பு. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பழைய செத்தாப்பாக் விடுதியின் அவலத்தைக் கண்ட மருத்துவர் டிராவர்ஸ், நோயாளிகள் மனிதராக வாழும் ஓர் ஊர் அமைய வேண்டும் என்று முயன்றார். 1930இல் சுங்கை பூலோப் பள்ளத்தாக்கில் அக்குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறுசிறு வீடுகள், தோட்டங்கள், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சந்தை, சிறைச்சாலை எல்லாம் அதனுள் இருந்தன. அங்கு மட்டும் செல்லும் நாணயத் தாளும் ஒரு காலத்தில் வழங்கியது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தாரும் அங்கே வாழ்ந்தனர்.

அங்கே திருமணங்கள் நிகழ்ந்தன, குழந்தைகள் பிறந்தன. ஆனால் பிறந்த குழந்தையைத் தாயோடு விட்டு வைக்கவில்லை. தொற்றும் என்ற அச்சத்தால் உடனே பிரித்தனர். உறவினர் ஏற்றால் அவர்களிடம் கொடுத்தனர். ஏற்பார் இல்லாத பல குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டன. தொழுநோய் பரம்பரை நோயன்று, கிருமியால் வருவது என்பதை 1873இலேயே நார்வே நாட்டு ஹான்சன் கண்டிருந்தார். 1940களின் இறுதியில் டாப்சோன் மருந்து வந்து நோய் தணியத் தொடங்கியது. நோய் தணிந்த பின்னும் பெயரின் அச்சம் தணியவில்லை. பிள்ளையின் வாழ்வு கெடும் என்று தம் பெயரையே மறைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. பல்லாண்டு கழித்து, நரைத்த தலையோடு தாயைத் தேடி அப்பள்ளத்தாக்குக்கு வந்த மக்களும் உண்டு. சிலர் கண்டனர், சிலர் கல்லறையையே கண்டனர்.

ஆபுத்திரன் கதையை இவ்விடத்தில் வைத்து மீண்டும் படித்தால் அதன் ஒவ்வொரு கட்டமும் புதுப்பொருள் தரும். சாலி இரக்கமின்றிக் குழந்தையை விட்டாள் என்கிறது காப்பியம். மூங்கிலாற்றுத் தாய்மார் விட்டவர்கள் அல்லர், அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு தெரிவதெப்படி? யாரோ ஒருவர் சொல்லவேண்டும். வசையாகச் சொல்வதா, மணிமேகலை சொன்னதுபோல் அருளோடு சொல்வதா என்பதில்தான் அப்பிள்ளையின் எஞ்சிய வாழ்வு அடங்கியிருக்கிறது. மணலைத் தோண்டித் தன் எலும்பையும் தன்னைத் தேடி வந்தோர் எலும்பையும் கண்ட புண்ணியராசனைப் போல, அம்மக்களும் தாம் தேடப்பட்டவர்களே என்று அறிந்தபோது ஆறுதல் பெற்றிருக்கக் கூடும்.

குடியிருப்பின் கிழக்குப் பகுதி 2007இல் பல்கலைக்கழக மருத்துவப் புலத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் முன்னாள் நோயாளிகள் பயிரிட்டு வளர்த்த செடிப் பண்ணைகளால் அவ்வூர் பெயர் பெற்றுள்ளது. செடி வாங்க வருவோரில் அந்நிலத்தின் கதையை அறிந்தோர் எத்தனை பேர் என்பது ஐயமே.

மாயக்கதை வேண்டுமா?

மாயக்கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்னும் வாதம் தமிழரிடையே புதிதன்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயா வந்த காலத்திலிருந்து சீர்திருத்தக் கருத்துகள் இந்நாட்டுத் தமிழரிடையே வேரூன்றின. புராணப் புளுகைப் பிள்ளைகள் மூளையில் ஏற்றாதீர் என்று சீர்திருத்தக்காரர்கள் கூறியதற்குத் தக்க காரணம் இருந்தது. நோய்க்கு மருந்தை நாடாது மந்திரிப்பவனை நாடிய மக்களிடையே அவர்கள் பேசினர். தொழுநோயை முற்பிறவிப் பாவம் என்று கருதிய மக்களிடையே பேசினர். அவ்வெண்ணமே பல குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்த அச்சத்துக்குத் தீனியாயிற்று. அவர்களின் எச்சரிக்கையை இன்றும் தள்ளிவிட இயலாது.

ஆயின் எல்லா மாயக்கதையும் ஒரு தன்மையன அல்ல. மந்திரம் சொன்னால் பொன் வரும் என்று கற்பிக்கும் கதை ஒன்று. வேள்விப் பசுவை அவிழ்த்து விட்டவன், பிறப்பால் இழிவில்லை என்று வாதிட்டவன், ஊர் ஒதுக்கியவர்க்குச் சோறிட்டவன் கையில் கலம் வந்தது என்று சொல்லும் கதை வேறொன்று. ஆபுத்திரனின் வாயில் சாத்தனார் வைத்த வினா, எந்தச் சீர்திருத்த மேடையிலும் கேட்கத்தக்க வினாவே. அமுதசுரபி உண்மையில் இருந்ததா என்று பிள்ளை கேட்டால், இல்லை என்று ஆசிரியர் தயங்காது கூறலாம். பசி உண்மை, கலத்தில் கல்லிட்டது உண்மையாக நடக்கக்கூடியது, தன்னிடம் உள்ளதைப் பகிர்ந்துகொள்ள ஒருவனால் இயலும் என்பதும் உண்மை. இம்மூன்றையும் பிள்ளை மறவாதிருக்கச் செய்வதற்கே அந்த மாயக்கலம் கதையில் வந்தது.

வகுப்பில் பெற்றோர் இருவரையும் உடையோர் மட்டும் அமர்ந்திருப்பதில்லை. பாட்டியிடம் வளர்வோர், தத்துப்பிள்ளைகள், தந்தை பெயரைக் கேட்டால் தலைகுனிவோர் எல்லாப் பள்ளியிலும் உளர். ஆற்றல் பெற்ற சிறுவனின் கதையை அவர்கள் விரும்பிக் கேட்பது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. தமிழாசிரியர்கள் ஆபுத்திரன் கதையைத் தோட்டத்தில் கிடந்த குழந்தையிலிருந்து மணிபல்லவத்து மணல்மேடு வரை முழுமையாகச் சொல்லவேண்டும். மூங்கிற் குழந்தையையும் வாழைத்தண்டுச் சிறுவனையும் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மூங்கிலாற்றின் உண்மை வரலாற்றையும் சொல்லலாம். கதைக்கென வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். இதற்குத் தனி நூலோ தனிப் பயிற்சியோ வேண்டுவதில்லை.